மஞ்சள் குடித்த கெராங்

ஜெலுத்தோங் கடலோரத்தில் ஹபீப் முகம்மதுவின் கொட்டகைக்கு வருகிறவர்கள் முதலாளியைத் தேடுவதில்லை. குமுதாக்கா வந்துவிட்டாரா என்றுதான் கேட்பார்கள். வரவில்லை என்றால் மோட்டார் சைக்கிளில் சாய்ந்துகொண்டு காத்திருப்பார்கள். மீ கோரெங், குவே தியோ என்று நூடுல்ஸ் வதக்கி விற்கிற கடைக்காரர்கள் எல்லாருக்கும் தெரிந்த விஷயம் அது. குமுதா சரியென்று சொல்லாத கெராங்கை வாங்கிப்போனால் மாலையில் வாடிக்கையாளர் பல்லைக் குத்திக்கொண்டே திட்டுவார்.

கெராங் ஒரு சின்னச் சிப்பி. வரிவரியாக ஓடு, உள்ளே ஒரு கடி சதை. சேற்றுக்குள் புதைந்து கிடக்கும். இரையைத் துரத்தாது, பாயாது, கடிக்காது. ஓட்டை ஒரு நூல் அளவுக்குத் திறந்து வைத்துக்கொண்டு நாள் முழுக்கத் தண்ணீரை இழுக்கும், விடும். தண்ணீரில் வருகிற தூசு தும்பில் தனக்கு ஆகிறதை வைத்துக்கொண்டு ஆகாததைச் சளியில் சுருட்டித் துப்பிவிடும். இத்தனை சோம்பேறித்தனமாக வயிறு வளர்க்கிற பிராணியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. சேற்றுத் தண்ணீரில் கிடந்தால் உள்ளேயும் சேறும் மணலும்தான். அதையே சுத்தமான கடல் தண்ணீரில் இரண்டு நாள் போட்டு வைத்தால் தன்னைத் தானே அலசிக்கொள்ளும். ஹபீப்பின் கொட்டகையில் அதற்காகவே ஏழு தொட்டிகள். கடல் தண்ணீர் வடிகட்டியில் வடிந்து, ஒரு நீல விளக்கைக் கடந்து, அந்தத் தொட்டிகளில் சுற்றிக்கொண்டே இருக்கும்.

எப்போது வெளியே எடுப்பது என்பதில்தான் சூட்சுமம். சீக்கிரம் எடுத்தால் மணல், நேரம் கடந்தால் கெராங் மெலிந்துபோகும். அந்த நேரத்தைச் சொல்வது குமுதாவின் நாக்கு. தொட்டிக்கு ஒன்று எடுத்து, வெந்நீரில் முக்கி, வாயில் போட்டு, கண்ணை மூடி மெல்லுவாள். பிறகு சாக்குக்கட்டியை எடுத்துப் பலகையில் தொட்டி எண்ணுக்கு நேரே 'திற' என்று எழுதி, பக்கத்தில் 'கு' போடுவாள். அந்த ஓர் எழுத்து விழாமல் எந்தத் தொட்டியும் திறக்கப்பட்டதில்லை.

சிம்பாங் அம்பாட்டில் பிறந்தவள். கல்யாணமாகி ஜார்ஜ் டவுனுக்கு வந்தாள். கணவன் கோகிலன் பட்டர்வொர்த் ஃபெர்ரியில் கயிறு கட்டுகிற வேலை, பேச்சு குறைவு, பசி அதிகம். குமுதா பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் பதினெட்டு வருடம் மைக்ராஸ்கோப்பில் கண்ணை ஒட்டிக்கொண்டு, கணினிச் சில்லுகளின் கால்களில் குறை தேடினாள். தொழிற்சாலை வேறு நாட்டுக்கு மூட்டை கட்டியபோது அவளுக்குக் கிடைத்தது ஒரு காசோலையும் ஒரு தடித்த கண்ணாடியும். வேறு வேலை கிடைக்கும்வரை இரண்டு வாரம் சிப்பி உடைக்கலாம் என்று ஹபீப்பின் கொட்டகைக்கு வந்தவள், எட்டு வருடமாக அங்கேயேதான் இருக்கிறாள்.

வந்த முதல் வாரத்தில் ஹபீப் விளையாட்டாக ஒரு கெராங்கைக் கொடுத்து எப்படி இருக்கிறது என்று கேட்டார். மென்று பார்த்துவிட்டு, இந்தத் தொட்டியில் தண்ணீர் நடுவில் நின்றுபோயிருக்கிறது என்று சொன்னாள். முந்தின நாள் பம்பு இரண்டு மணி நேரம் நின்றது ஹபீப்புக்கு மட்டும்தான் தெரியும், வெளியே சொன்னால் வியாபாரம் கெடுமே என்று அவர் வாயே திறந்திருக்கவில்லை. மறுநாளே சாக்குக்கட்டி அவள் கைக்கு வந்துவிட்டது.

அவளுக்கு ஒரே ஒரு குறை, மெதுவாகப் பேச வராது. பம்புச் சத்தத்துக்குள் எட்டு வருடம் கத்திக் கத்திப் பழகியதில், கோயிலில் சாமியிடம் ரகசியம் சொன்னால்கூட நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள்.

ஹபீப்பின் மனைவி ரொஸ்னாவுக்கு அந்தச் சத்தம் பிடிக்கும். தினமும் பதினோரு மணிக்குக் காப்பி ஃபிளாஸ்க்கோடு கொட்டகைக்கு வந்துவிடுவார். கவிழ்த்த கூடைகளில் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து, நடுவில் அவித்த கெராங் ஒரு தட்டு, மிளகாய்ச் சாந்து ஒரு கிண்ணம் வைத்துக்கொண்டு ஊர்க்கதை பேசுவார்கள். குமுதா வேலைக்காகத் தின்கிறவள், ரொஸ்னா ஆசைக்காகத் தின்கிறவர். நாற்பது ஓடு காலியாகும்வரை எழுந்திருக்க மாட்டார்.

போன நவம்பரில் ரொஸ்னாவுக்கு வயிற்றில் ஒரு கட்டி என்றார்கள். ஆபரேஷன் அன்று காலை குமுதா மருத்துவமனைக்குப் போனாள். ரொஸ்னாவுக்கு ஊசி போட்டிருந்தார்கள், கண் மூடிக் கிடந்தார். ஹபீப் கீழே ஏதோ படிவம் நிரப்பப் போயிருந்தார். குமுதா கட்டிலோரம் குனிந்து அந்த முகத்தைப் பார்த்தாள். கைப்பையிலிருந்த மஞ்சள் துணியில் ஐம்பது காசை முடிந்து கையில் வைத்துக்கொண்டு, தண்ணீர்மலை முருகனிடம் பேசினாள். இந்த மனுஷி எழுந்து நடந்து வீட்டுக்குப் போனால் தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்கிறேன், நாற்பத்தெட்டு நாள் மீன், கறி என்று எந்த மச்சத்தையும் வாயில் வைக்கமாட்டேன்.

ரொஸ்னா எழுந்து நடந்து வீட்டுக்குப் போனார். கட்டியும் பயப்படுகிற கட்டியில்லை என்று முடிவு வந்தது.

நேர்ந்துகொண்டதைக் குமுதா கோகிலனைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை. நாம் நேர்ந்ததை அடுத்தவரிடம் சொல்லிக்காட்டினால் அவர்கள் தலையில் பாரம் ஏற்றியதாகிவிடும் என்பது அவள் கொள்கை. ஐந்து வேளையும் தொழுகிறவர் ரொஸ்னா, அவருக்கும் முருகனுக்கும் நடுவில் தான் ஏன் பஞ்சாயத்து வைக்க வேண்டும் என்றும் நினைத்தாள். எல்லாம் சரியாகத்தான் யோசித்தாள். ஒன்றே ஒன்றைத்தான் யோசிக்கவில்லை. விரதம் தொடங்கிய முதல் நாள் காலை, மூன்றாம் தொட்டிக் கெராங்கை வெந்நீரிலிருந்து எடுத்து வாய்க்குக் கொண்டுபோனபோதுதான், வேலைக்காக ருசி பார்க்கிற இந்த நாக்குக்கும் சேர்த்துத்தான் நேர்ந்திருக்கிறோம் என்று உறைத்தது.

ஒரு வேண்டுதல் இருக்கிறது, தைப்பூசம் முடியும்வரை ருசி பார்க்க முடியாது என்று ஹபீப்பிடம் சொன்னாள். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். பத்து ஃபெரிங்கி கடற்கரையில் ஒரு பெரிய ஹோட்டல் அப்போதுதான் கெராங் கேட்டிருந்தது. மூன்று தடவை அனுப்ப வேண்டும். மூன்றிலும் ஒரு மணல்கூடப் பல்லில் படவில்லையென்றால் வருடம் முழுக்க எடுத்துக்கொள்வார்கள்.

மென்றுவிட்டுத் துப்பிவிடேன், விழுங்கினால்தானே விரதம் கெடும் என்று கேட்டார் ஹபீப். முருகன் என்ன தொண்டையிலா உட்கார்ந்திருக்கிறார் என்று குமுதா திருப்பிக் கேட்டாள். லாரி ஓட்டும் இஸ்மாயில், ஹபீப்பின் அக்காள் மகன், நாற்பது வயதுக்காரன், அவனும் தன் பங்குக்கு ஒரு சட்டம் பேசினான். கெராங்குக்கு ரத்தம் கிடையாது, அதனால் அது காளான் மாதிரிதான் என்றான். குமுதா கத்தியை எடுத்து ஒரு கெராங்கைப் பிளந்து அவன் மூக்குக்கு நேரே நீட்டினாள். சிவப்பாகச் சொட்டியது. இஸ்மாயில் லாரியைக் கழுவப் போய்விட்டான்.

ஹபீப் தானே ருசி பார்க்கலாமென்றால் யூரிக் அமிலம். ஒரு கெராங் தின்றால் கால் கட்டைவிரல் பூரிபோல் உப்பிவிடும். கோகிலனை ஒருநாள் வரவழைத்துப் பார்த்தார்கள். மனிதர் ஏழு தொட்டியிலும் சுற்றிச் சுற்றி முப்பத்தைந்து தின்றுவிட்டு, எல்லாமே நன்றாகத்தான் இருக்கிறது, கொஞ்சம் மிளகாய்ச் சாந்து கிடைக்குமா என்றார்.

கடைசியில் ஹபீப் தயங்கித் தயங்கிச் சொன்னார். "குமுதா, தைப்பூசம் வரைக்கும் தொட்டிய இஸ்மாயில் பாக்கட்டும் லா. நீ தராசுல நில்லு. அப்புறம் பாத்துக்கலாம்."

அந்த 'அப்புறம்' குமுதாவைக் குத்தியது. தொழிற்சாலையில் பதினெட்டு வருடம் இருந்தவளுக்கு அப்புறம் என்றால் என்னவென்று தெரியும். கை மாறின சாக்குக்கட்டி திரும்பி வராது. நாற்பத்தாறு வயதில், ஒரு கொட்டகை முழுக்கத் தன் ஒரு சொல்லுக்காகக் காத்திருப்பது அவளுக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்பது அன்றைக்குத்தான் அவளுக்கே தெரிந்தது. ஆனால் வேண்டுதலை விடவும் முடியாது. கடைசித் தொட்டி, சின்னது, அதை மட்டும் தன்னிடம் விடச் சொல்லிக் கேட்டாள். வாயில் வைக்காமலே நேரம் சொல்லிவிட்டால் ஏழு தொட்டியும் தனக்கு, இல்லாவிட்டால் தராசு. ஹபீப்புக்கு இளகின மனசு, ஒப்புக்கொண்டார்.

வழி என்ன என்று அவளுக்கே தெரியாது. மோந்து பார்த்தாள், காதில் வைத்து ஆட்டிப் பார்த்தாள். ஒன்றும் பிடிபடவில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. விரதக்காரி நாள் முழுக்க மச்சத்தின் நடுவில் நிற்கிறாளே, மனசு கேட்குமா? கொட்டகையைக் கழுவிவிட்டு, வீட்டிலிருந்து கொண்டுவந்த செம்பில் மஞ்சள் தண்ணீர் கரைத்து மாவிலையால் மூலைக்கு மூலை தெளித்தாள். மஞ்சளை அள்ளித்தான் போட்டிருந்தாள். தெளித்து முடித்த பிறகும் முக்கால் செம்பு மிச்சம். மஞ்சள் தண்ணீரைக் கால் படுகிற இடத்தில் ஊற்றக் கூடாது, செடிக்குத்தான் ஊற்ற வேண்டும். சிமெண்டுக் கொட்டகையில் செடிக்கு எங்கே போவது? சாக்கடையில் ஊற்ற மனசு வரவில்லை. சுற்றுமுற்றும் பார்த்தாள். கால் படாத ஒரே இடம் சின்னத் தொட்டிதான். அன்றைக்குப் பார்த்து அதன் தண்ணீரை மாற்ற வேண்டும் என்று சுற்றோட்டத்தை நிறுத்தி வைத்திருந்தார்கள். தண்ணீர்தானே, எப்படியும் மாற்றப் போகிறோமே என்று சாய்த்துவிட்டாள். அப்புறம் தராசுப் பக்கம் கூப்பிட்டார்கள், மறந்தே போனாள்.

மறுநாள் காலை இஸ்மாயிலின் சிரிப்புச் சத்தம் கேட்டு ஓடிவந்தாள். தொட்டியின் அடி முழுக்க மஞ்சள் நூல் நூலாகக் கிடந்தது. ஒரு கெராங்கைப் பிளந்தார்கள், உள்ளே செவுளெல்லாம் மஞ்சள். இன்னொன்றும் அப்படியே. பாதிச் சமையல் ஆகிவிட்டது, இனி தேங்காய்ப்பால் ஊற்றினால் போதும் என்றான் இஸ்மாயில். ஹபீப் சிரிக்கவில்லை. செவ்வாய்க்கிழமை ஹோட்டலுக்குப் போக வேண்டிய முதல் சரக்கு மறுநாள் இரவுப் படகில் வர வேண்டும், மற்ற தொட்டிகள் அதற்காகக் காத்திருந்தன. நல்லவேளை இந்தத் தொட்டியோடு போயிற்று என்று மட்டும் சொல்லிவிட்டுத் தள்ளிப் போனார். திட்டியிருந்தால்கூடக் குமுதாவுக்கு அவ்வளவு வலித்திருக்காது.

கவிழ்த்த கூடையில் போய் உட்கார்ந்தாள். எதிரே ரொஸ்னாவின் கூடை காலியாகக் கிடந்தது. தன் முட்டாள்தனத்தை நினைத்து அழுகை முட்டியது. எவ்வளவு நேரம் அப்படியே தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாளோ தெரியாது. பதினெட்டு வருடம் மைக்ராஸ்கோப் பார்த்த கண் சும்மா இருக்குமா? அது தானாகவே வேலையைத் தொடங்கிவிட்டது.

தண்ணீர் தெளிவாக இருந்தது. முக்கால் செம்பு மஞ்சள் ஊற்றிய தண்ணீர், அடியில் கிடக்கிற ஓட்டின் வரியை எண்ணலாம் போல இருந்தது. அத்தனை மஞ்சளையும் இந்தச் சோம்பேறிகள் குடித்து, சுருட்டி, நூலாகத் துப்பியிருக்கின்றன. துப்பிக்கொண்டே இருக்கின்றன. மணலும் இப்படித்தானே வெளியே வர வேண்டும்? சேற்று நிறச் சதைக்குள் மணல் கண்ணுக்குத் தெரியாது. மஞ்சள் தெரியும்.

எழுந்து புதுத் தண்ணீர் விட்டாள். அன்று பகல் முழுக்க, மறுநாள் பகல் முழுக்க, இரண்டு மணிக்கு ஒரு கெராங்கைப் பிளந்தாள். செவுளின் மஞ்சளைப் பார்த்தாள். சதையை ஒரு கிண்ணத் தண்ணீரில் பிசைந்து, கோகிலனின் பழைய வெள்ளை வேட்டித் துண்டில் வடித்து, கண்ணாடிக்கு மேல் பூதக்கண்ணாடியும் வைத்துக்கொண்டு மணலை எண்ணினாள். மஞ்சள் அடர்ந்திருந்தபோது பதினான்கு மணல். வெளிறியபோது ஐந்து. மஞ்சள் சுத்தமாக மறைந்த கெராங்கை வடித்த துணி, சலவைக்குப் போய் வந்ததுபோல் இருந்தது. நம்பாமல் இன்னும் ஆறு பிளந்து பார்த்தாள். ஆறும் அப்படியே. வடித்த துணிகளை ஹபீப்பின் முன்னால் வரிசையாக விரித்துக் காட்டி, பேசினபடி ஏழு தொட்டியையும் கேட்டு வாங்கினாள்.

திங்கட்கிழமை ஒரு பிளாஸ்டிக் பேசினை வைத்தாள். படகிலிருந்து இறங்கும் ஒவ்வொரு சரக்கிலும் இருபது கெராங்கை எடுத்து, மஞ்சள் கரைத்த கடல் தண்ணீரில் ஒரு மணி நேரம் விட்டு, பிறகு ஒரு வலைப்பையில் கட்டி அவற்றின் சொந்தக்காரர்களோடு அதே தொட்டியில் தொங்கவிட்டாள். பையிலிருப்பவற்றின் செவுள் வெளுத்ததும் தொட்டி திறக்கலாம். ஹோட்டலின் முதல் சரக்குக்கும் அப்படியே செய்தாள். அதில் செவுள் வெளுக்கவில்லை என்று சொல்லி செவ்வாய்க்கிழமைச் சரக்கைப் புதன்கிழமை மத்தியானம்தான் விட்டாள். ஹபீப் ஹோட்டலுக்குப் போன் செய்து கெஞ்ச வேண்டியதாயிற்று. அவள் பலகையில் 'திற' என்று எழுதி 'கு' போட்டாள்.

ஹோட்டலிலிருந்து மணல் என்று ஒரு பேச்சும் வரவில்லை. இரண்டாவது சரக்குக்கும் வரவில்லை. மூன்றாவது போவதற்கு முன்னாலேயே இஸ்மாயில், பையிலிருக்கும் இருபதுக்கும் 'சாட்சி' என்று பேர் வைத்திருந்தான். காலையில் லாரியை நிறுத்தியதும் சாட்சி என்ன சொல்லுது என்றுதான் கேட்பான்.

மூன்றாவதும் தேறி, வருடம் முழுக்க எடுத்துக்கொள்ள ஹோட்டல் சம்மதித்தது, சாக்குக்கட்டியும் தப்பித்தது. ஆனால் குமுதாவால் சந்தோஷப்பட முடியவில்லை. விரதத்தின் இருபதாம் நாள் ஹபீப் ஒரு செய்தி சொன்னார். இனி எதை வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். ஆசையாக ஒரு தட்டுக் கெராங் அவித்து வீட்டுக்கு அனுப்பினாராம், ரொஸ்னா தொடாமல் திருப்பி அனுப்பிவிட்டாராம். அடுத்த வாரமும் அப்படியே. அதற்கடுத்த வாரமும்.

"நாப்பது திங்கிற பொம்பள," என்றார் ஹபீப். "என்னமோ சரியில்ல, குமுதா."

குமுதா அன்று மாலை வீட்டுக்கே போய்ப் பார்த்தாள். ரொஸ்னா நன்றாகத்தான் இருந்தார். கன்னம் தேறியிருந்தது, மீன் குழம்பும் சோறும் சாப்பிட்டார், வம்பு பேசினார். கெராங் என்று எடுத்தால் மட்டும் வாய்க்குப் பிடிக்கவில்லை என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். கட்டி திரும்ப வருகிறதோ? மஞ்சள் தண்ணீரைக் கொண்டுபோய் மச்சத் தொட்டியில் ஊற்றினோமே, அதனால் வேண்டுதலில் குறை வந்துவிட்டதோ? குமுதா அன்றிலிருந்து தரையில் படுத்தாள், ஒருவேளைச் சோற்றையும் குறைத்தாள். கோகிலன் பேச்சுக் குறைந்தவர்தான், அவரே வாய்விட்டு, நீ கெராங்கைவிட மெலிந்துவிட்டாய் என்றார்.

தைப்பூசத்தன்று ஐந்நூற்றுச் சொச்சம் படியும் பால்குடத்தோடு ஏறினாள். மேலே கூட்டத்துக்குள் குருக்கள் அர்ச்சனைக்குப் பெயர் கேட்டார். ரொஸ்னா என்றாள். மலையில் பாதிப் பேருக்குக் கேட்டிருக்கும். குருக்கள் ஒரு நொடி நிமிர்ந்து பார்த்தார், நட்சத்திரம் கேட்டார். குமுதா விழித்தாள். சாமியின் நட்சத்திரத்திலேயே பண்ணிவிடுங்கள் சாமி, அது எல்லாருக்கும் பொருந்தும் என்று கோகிலன் பின்னாலிருந்து சொன்னார். குருக்கள் சிரித்துக்கொண்டே தட்டை வாங்கிக்கொண்டார்.

மூன்றாம் நாள் வீட்டில் இடும்பன் பூஜை முடிந்துதான் விரதம் விட்டாள், நாற்பத்தெட்டு ஐம்பத்தொன்றாகியிருந்தது. அதற்கு மறுநாள் கொட்டகைக்கு வந்தாள். இன்றைக்கு நாக்குக்கு வேலை உண்டு. பதினோரு மணிக்கு ஹபீப் தானே ஒரு தட்டுக் கெராங் அவித்துக் கொண்டுவந்து கூடைக்கு முன்னால் வைத்தார். ஐம்பத்தோரு நாள் வேண்டுதலைக் குறை சொன்னதற்கு இது ஈடு என்று அவர் முகம் சொன்னது. குமுதா ஒன்றை எடுத்தாள். அப்போது வாசலில் கார் நின்றது.

ரொஸ்னா இறங்கினார், கையில் காப்பி ஃபிளாஸ்க். நவம்பருக்குப் பிறகு கொட்டகைக்கு வருவது அதுதான் முதல் தடவை. தன் கூடையில் வந்து உட்கார்ந்து, தட்டைத் தனக்கும் குமுதாவுக்கும் நடுவில் இழுத்து வைத்தார்.

"நீ மொதல்ல எடு," என்றார். "சீக்கிரம் எடு. அம்பத்தோரு நாளு. எனக்கு நாக்கே செத்துப் போச்சு லா."

குமுதா எடுத்த கெராங்கைக் கையிலேயே பிடித்துக்கொண்டு கேட்டாள். "ஒங்கள யாருக்கா சாப்பிட வேணாம்னு சொன்னா?"

"அன்னிக்கு ஊசி போட்டு என் கண்ணுதான் மூடிக் கெடந்துச்சு. காதுமா மூடும்? நீ ஒங்க முருகன்கிட்ட பேசுனது அந்த வார்டுக்கே கேட்டுச்சு." ரொஸ்னா ஃபிளாஸ்க்கின் மூடியைத் திருகிக்கொண்டே சொன்னார். "எனக்காக ஒருத்தி வாயக் கட்டுறா. அவ இல்லாம நான் மட்டும் எப்படிம்மா திங்கிறது?"

மிளகாய்ச் சாந்துக் கிண்ணத்தோடு வந்த ஹபீப் அப்படியே நின்றார். துப்பிவிடேன் என்று சொன்னது, தராசுக்கு அனுப்பப் பார்த்தது, எல்லாம் அவர் முகத்தில் வரிசையாக வந்து போயிற்று. கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, சரியாக ஓடிக்கொண்டிருந்த பம்பை ரிப்பேர் பார்க்கப் போனார்.

குமுதா கெராங்கை வாயில் போட்டுக் கண்ணை மூடி மென்றாள். இஸ்மாயில்கூட வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தான். கொட்டகை முழுக்க அவள் ஒரு சொல்லுக்காகக் காத்திருந்தது. கண்ணைத் திறந்தபோது கன்னமெல்லாம் ஈரம்.

"அண்ணே, இது சாட்சிப் பையிலேர்ந்து எடுத்தது," என்று பம்புப் பக்கம் பார்த்துக் கத்தினாள். "மஞ்ச வாசம் இருக்கு."

ரொஸ்னா சிரித்துக்கொண்டே ஒரு கெராங்கை எடுத்துச் சாந்தில் தோய்த்து வாயில் போட்டார். அப்புறம் இன்னொன்று. ஓடுகள் ஒவ்வொன்றாகத் தரையில் விழுந்தன. குமுதா அதன்பிறகு தட்டில் கையே வைக்கவில்லை, ரொஸ்னா சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்குப் பலகையில் 'கு' விழும்போது மணி பன்னிரண்டரை ஆகிவிட்டது. ஆனாலும் வெளியே மோட்டார் சைக்கிளில் சாய்ந்து நின்றவர்கள் ஒருவரும் அவசரப்படவில்லை.